டயல் செய்வது ஒன்று, எண் வேறொன்று: ஏரியா கோட் முதல் ரூட்டிங் வரை முழுமையான வழிகாட்டி

ரூட்டிங் டேபிள், அதாவது எந்த எண்ணுக்கான அழைப்பு எந்த வழியில் போக வேண்டும் என்ற பட்டியலை, எழுத முதல் முறையாக உட்காருகிறவர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். போனில் அழுத்துகிற இலக்கங்களையே தொலைபேசி எண் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பிரிட்டனுக்குள் ஒருவர் 020 7946 0123 என்று டயல் செய்தால், முதலில் வரும் 0 அந்த எண்ணைச் சேர்ந்ததே அல்ல. "வெளியூர் எண் வருகிறது" என்று எக்ஸ்சேஞ்சுக்குக் காட்டும் ஜாடை அது. ஜாடை எது, எண் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் மிச்ச வேலை சுலபம்.

அலுவலகத்துக்குள் ஒரு ஐ.பி. (இணைய வழி) எக்ஸ்சேஞ்ச் வைப்பவருக்கும், பல ஆபரேட்டர்களின் டிரங்குகளை, அதாவது எக்ஸ்சேஞ்சுகளை இணைக்கும் லைன்களைக் கட்டி மேய்ப்பவருக்கும் வேலையின் வரிசை ஒன்றுதான். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். வரிசையைக் கலைத்தால் என்ன ஆகும் என்பதையும் அங்கங்கே சொல்கிறேன்.

1. உட்காருமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, உங்கள் நாட்டின் எண்ணிடல் திட்டம். தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் அமைப்போ அரசுத் துறையோ இதை வெளியிட்டிருக்கும். எந்த ஏரியா கோட் எந்தப் பகுதிக்கு, மொத்தம் எத்தனை இலக்கம், மொபைல் எண் எதில் தொடங்கும், அவசர எண்கள் எவை என்பதெல்லாம் அதில் இருக்கும். யாரோ எப்போதோ தொகுத்து வைத்த பட்டியலை எடுத்துக்கொண்டு இறங்காதீர்கள். அதில் பழைய சரக்கு கலந்திருக்கும்.

இரண்டாவது, நாட்டுக் குறியீடுகளின் பட்டியல். ஐ.நா.வின் கீழ் இயங்கும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம், அதாவது ஐ.டி.யு., இதைப் பராமரிக்கிறது.

மூன்றாவது, டிரங்க் கொடுக்கும் ஆபரேட்டர் எண்ணை எந்த வடிவத்தில் கேட்கிறார் என்ற விவரம். முன்னால் + வேண்டுமா, 00 வேண்டுமா, வெறும் நாட்டுக் குறியீடு போதுமா? இதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். போனில் கேட்டுக் குறித்துக்கொண்டால், கோளாறு வரும் நாளில் யார் சொன்னது சரி என்ற பஞ்சாயத்தில்தான் நேரம் போகும்.

அப்புறம் ஒரு பெரிய தாள். மென்பொருளைத் திறப்பதற்கு முன்னால் முழு டேபிளையும் தாளில் எழுதிப் பாருங்கள். திரையில் இருபது வரிதான் ஒரு நேரத்தில் தெரியும். ஒன்றையொன்று விழுங்கும் வரிகள் அதில் கண்ணில் படாது.

உதாரணம் காட்டவும் பயிற்சிக்கும் யாருடைய நிஜ எண்ணையும் எடுக்காதீர்கள். கதைகளிலும் நாடகங்களிலும் பயன்படுத்தவென்றே சில எண்களை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். வட அமெரிக்காவில் 555-0100 முதல் 555-0199 வரை. லண்டனில் 020 7946 0000 முதல் 020 7946 0999 வரை. இந்தக் கட்டுரையில் வருபவையும் அப்படிப்பட்டவைதான்.

2. எண்ணைக் கூறுபோடப் பழகுங்கள்

+44 20 7946 0123 என்ற எண்ணில் 44 பிரிட்டனின் நாட்டுக் குறியீடு. 20 லண்டனின் ஏரியா கோட். மீதி 8 இலக்கம் உள்ளூர் எண். நமக்கு வசதியாக இடைவெளி விட்டு எழுதுகிறோம். எக்ஸ்சேஞ்சுக்கு இடைவெளி ஏது? 442079460123 என்று ஒரே சரமாகத்தான் வந்து விழும். அப்படியும் அது தடுமாறாமல் பிரித்துவிடுகிறது.

காரணம் ஒரே ஒரு விதி: ஒரு குறியீடு இன்னொரு குறியீட்டின் தொடக்கமாக இருக்கக் கூடாது. 44 பிரிட்டனுக்குப் போய்விட்டதால் 441, 442 என்று வேறு எந்த நாட்டுக்கும் கொடுக்க முடியாது. 1-லோ 7-லோ தொடங்கினால் நாட்டுக் குறியீடு அந்த ஒரே இலக்கத்தோடு முடிந்தது. 20 என்றால் எகிப்து, 27 என்றால் தென்னாப்பிரிக்கா, அங்கேயே நிறுத்தலாம். 21 என்று வந்தால் இன்னும் ஓர் இலக்கம் படித்தாக வேண்டும்: 212 மொராக்கோ, 213 அல்ஜீரியா. இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போனால் எங்கே நிற்க வேண்டும் என்று எண்ணே சொல்லிவிடும்.

ஐ.டி.யு.வின் இ.164 பரிந்துரைப்படி நாட்டுக் குறியீடு 1 முதல் 3 இலக்கம் இருக்கும். எல்லாம் சேர்த்து 15 இலக்கத்தைத் தாண்டாது. டயல் செய்யும்போது முன்னால் போடுகிற 0, 00, அமெரிக்காவின் 011 போன்ற ஜாடைகள் எதுவும் இந்தக் கணக்கில் வராது.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, 0207 என்பதை லண்டன் கோட் என்று எழுதுவது. அந்த ஊர்க்காரர்களே அப்படித்தான் எழுதுவார்கள் என்பதால் புதியவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கோட் 20 மட்டும்தான். 7 என்பது உள்ளூர் எண்ணின் முதல் இலக்கம். டேபிளில் 207, 208 என்று இரண்டு வரி எழுதி நிம்மதியாக இருப்பவர், 020 3 என்று தொடங்கும் லண்டன் எண்ணை யாராவது அழைக்கும் நாளில் மாட்டிக்கொள்வார்.

3. ஏரியா கோட் ஒதுக்கும் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

ஏரியா கோடை நீங்கள் ஒதுக்கப்போவதில்லை. ஆனாலும் இந்தக் கணக்கு தெரியாமல் எழுதிய டேபிள் அடுத்த முறை திட்டம் மாறும்போது உடையும். அலுவலகத்துக்குள் எக்ஸ்டென்ஷன் எண் போடும்போதும் இதே கணக்குதான் வேலை செய்கிறது.

பெரிய ஊருக்குச் சிறிய கோட், சிறிய ஊருக்குப் பெரிய கோட். லண்டனுக்கு 20, உள்ளூர் எண் 8 இலக்கம். மான்செஸ்டருக்கு 161, உள்ளூர் எண் 7. கேம்பிரிட்ஜுக்கு 1223, உள்ளூர் எண் 6. மூன்றிலும் கோட், உள்ளூர் எண் இரண்டின் இலக்கங்களையும் கூட்டினால் 10 வரும். இந்தியாவின் திட்டமும் இதே அச்சில் வார்த்ததுதான்: 11 டெல்லி, 452 மதுரை, 4144 சிதம்பரம். கோட் சுருங்கச் சுருங்க உள்ளூர் எண்ணுக்கு இடம் கிடைக்கிறது. அவ்வளவுதான் ரகசியம்.

ஒரு கோடில் எத்தனை இணைப்பு கொடுக்கலாம்? வட அமெரிக்காவில் ஏரியா கோடுக்குப் பின்னால் 3 இலக்க எக்ஸ்சேஞ்ச் கோட், அதற்குப் பின்னால் 4 இலக்கம். எக்ஸ்சேஞ்ச் கோட் 0-விலும் 1-லும் தொடங்கக் கூடாது. அந்த இரண்டும் ஜாடைகளுக்கு வேண்டும். ஆகவே 800. அதில் 211 முதல் 911 வரை 11-ல் முடியும் எட்டும் சேவை எண்கள், மீதி 792. ஒவ்வொன்றிலும் 10,000. மொத்தம் 79 லட்சத்து 20 ஆயிரம்.

மக்கள்தொகை அதில் பாதிகூட இல்லாத இடத்திலும் கோட் தீர்ந்துபோகும். எண்களை ஆபரேட்டர்களுக்குத் தொகுதி தொகுதியாகத்தான் கொடுப்பார்கள் என்பதே காரணம். 10,000 எண் வாங்கிய ஆபரேட்டர் 600 வாடிக்கையாளரைத்தான் பிடித்தார் என்றால், மீதி 9,400 சும்மா கிடக்கும். இதனால்தான் பிற்பாடு 1,000 எண் கொண்ட சிறு தொகுதிகளாகவும் பிரித்துக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

கோட் தீர்ந்தால் இரண்டு வழி. பகுதியை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்குப் புதுக் கோட் கொடுக்கலாம். அந்தப் பாதியில் இருப்பவர்களுக்கெல்லாம் எண் மாறும். அல்லது அதே பகுதியின் மேல் இன்னொரு கோடைப் போர்த்தலாம். நியூயார்க்கில் 212 இருந்த இடத்திலேயே 1992-ல் 917 வந்தது இப்படித்தான். யாருக்கும் எண் மாறாது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு வேறு கோட் இருக்கலாம் என்பதால் கோட் இல்லாமல் டயல் செய்யும் பழக்கத்தை விட வேண்டியிருக்கும். இரண்டாவது வழி வந்த இடத்தில் "7 இலக்கம் வந்தால் உள்ளூர்" என்ற உங்கள் விதி பொய்யாகிவிடும்.

கோடின் வடிவத்தையே விதியாக எழுதாதீர்கள். வட அமெரிக்க ஏரியா கோடின் நடு இலக்கம் வெகுகாலம் 0 அல்லது 1 ஆகவே இருந்தது. 1995 ஜனவரியில் 334, 360 என்று புதிய கோடுகள் வந்தபோது, நடு இலக்கத்தை நம்பி அமைத்த அலுவலக எக்ஸ்சேஞ்சுகள் பல அந்த ஊர்களுக்கு அழைப்பே விடவில்லை. இன்று தற்செயலாக உண்மையாக இருப்பதை விதி என்று எண்ணுவதில் உள்ள ஆபத்து இது.

4. அவசர எண்களை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள்

112, 911, 999 என்று உங்கள் நாட்டில் எது செல்லுமோ, அந்தச் சோதனைதான் எக்ஸ்சேஞ்ச் செய்யும் முதல் வேலையாக இருக்க வேண்டும். இலக்கத்தைச் சேர்ப்பது, திருத்துவது, கட்டண வரம்பு பார்ப்பது எல்லாம் அதற்கு அப்புறம். வரம்பு முடிந்த போனிலிருந்தும் இந்த அழைப்பு போக வேண்டும்.

100 முதல் 199 வரை எக்ஸ்டென்ஷன் போட்டுக்கொண்டே வந்த ஒருவர், 112-ஐ ஒரு சேமிப்பு அறைக்குக் கொடுத்துவிட்டார். நல்லவேளை, வேலை தொடங்கும் முன்பே தாளில் பார்த்துவிட்டோம். எக்ஸ்டென்ஷன் வரிசையை எங்கே வைப்பது என்று முடிவு செய்வதற்கு முன் அவசர எண்களை எழுதி அவற்றைச் சுற்றிக் கோடு போட்டுவிடுங்கள்.

வெளி லைனுக்கு 9 அழுத்த வேண்டும் என்று வைத்திருக்கும் இடங்களில் இன்னொரு சிக்கல். 9 அழுத்தி, வெளியூருக்கு 1 அழுத்தும்போது விரல் தடுமாறி இன்னொரு 1 விழுந்தால் 911 ஆகிவிடும். அங்கெல்லாம் வெளி லைனுக்கு 7 அல்லது 8 வைப்பது நல்லது. வெளி லைன் இலக்கம் எதுவானாலும் சரி, அதை அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் அவசர எண் போக வேண்டும். பதற்றத்தில் இருப்பவர் அலுவலக வழக்கத்தை நினைவில் வைத்திருக்க மாட்டார்.

அழைப்பவரின் ஏரியா கோடை வைத்து அவர் எங்கே இருக்கிறார் என்று முடிவு செய்யாதீர்கள். ஐ.பி. போனை எந்த ஊருக்கும் தூக்கிக்கொண்டு போகலாம். அவசர அழைப்புக்கு உண்மையான முகவரியைத் தனியாகப் பதிய வேண்டும்.

5. எத்தனை இலக்கம் வந்தால் போதும் என்று முடிவு செய்யுங்கள்

மொபைலில் முழு எண்ணையும் அடித்துவிட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்துகிறோம். எண் மொத்தமாக வந்துசேரும். மேசை போனில் இலக்கம் ஒவ்வொன்றாக வரும். இன்னும் வருமா, இவ்வளவுதானா என்று எக்ஸ்சேஞ்ச்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நீளம் நிச்சயமாகத் தெரிந்த இடங்களில் கடைசி இலக்கம் வந்த உடனே அனுப்பிவிடுங்கள். டென்மார்க்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏரியா கோடே கிடையாது, பொதுவாக 8 இலக்கம். ஜெர்மனியில் எண்ணின் நீளம் ஊருக்கு ஊர் மட்டுமல்ல, ஒரே ஊருக்குள்ளும் மாறும். அங்கே குறைந்தது இத்தனை, அதிகம் இத்தனை என்று வைத்து, குறைந்த அளவைத் தாண்டியதும் சில விநாடி காத்திருக்கும் டைமர் வைக்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு ஹாஷ் பொத்தானை முடிவு அடையாளமாகக் கொடுத்துவிடுங்கள்.

புதியவர்கள் இரண்டு விதமாகத் தவறு செய்கிறார்கள். எல்லாவற்றுக்கும் 10 இலக்கம் என்று வைத்து ஜெர்மன் எண்களின் வாலை நறுக்குவது ஒன்று. எல்லாவற்றுக்கும் நீண்ட டைமர் வைப்பது இன்னொன்று. இரண்டாவதில் அழைப்பு போகத்தான் செய்யும். ஆனால் கிணற்றில் போட்ட கல் மாதிரி சத்தமே இல்லாததால், வேலை செய்யவில்லை என்று நினைத்து வைத்துவிடுவார்கள்.

ஒரு சிறு எண் நீண்ட எண்ணின் தொடக்கமாகவும் இருந்தால் எந்த டைமரும் உதவாது. அமெரிக்காவில் மனநல நெருக்கடிக்கான 988 என்ற எண் 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே, 988 என்று தொடங்கும் உள்ளூர் எண்கள் இருந்த ஏரியா கோடுகளில் உள்ளூர் அழைப்புக்கும் 10 இலக்கம் டயல் செய்வதைக் கட்டாயமாக்க வேண்டியிருந்தது.

6. டயல் செய்ததை முழு எண்ணாக மாற்றுங்கள்

இதுதான் இந்த வேலையின் முதுகெலும்பு. எந்த வடிவில் வந்தாலும் சரி, நாட்டுக் குறியீட்டோடு தொடங்கும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் மற்ற எதையும் செய்ய வேண்டும். ஒரே லண்டன் எண்ணை லண்டனில் 7946 0123 என்றும், மான்செஸ்டரில் 020 7946 0123 என்றும், அமெரிக்காவில் 011 44 20 7946 0123 என்றும், இந்தியாவில் 00 44 20 7946 0123 என்றும் டயல் செய்வார்கள். மாற்றாமல் விட்டால் ஒரே இடத்துக்கு நான்கு ரூட் எழுத வேண்டும். ஒன்றைத் திருத்தும்போது மற்ற மூன்றை மறந்துவிடுவீர்கள்.

சோதிக்கும் வரிசை: முதலில் சர்வதேச முன்னொட்டு (00 என்ற ஜாடை), அடுத்து வெளியூர் முன்னொட்டு (0 என்ற ஜாடை), கடைசியில் ஒன்றுமில்லாதவை. 00 இருந்தால் இரண்டையும் எடுத்துவிட்டு மீதியை அப்படியே வையுங்கள். 0 மட்டும் இருந்தால் அதை எடுத்துவிட்டு நாட்டுக் குறியீட்டைச் சேருங்கள். ஒன்றும் இல்லையென்றால் நாட்டுக் குறியீடு, அழைப்பவரின் ஏரியா கோட் இரண்டையும் சேருங்கள். 0-வை முதலில் சோதித்தால் 00-வும் அதில் மாட்டிக்கொண்டு, சர்வதேச எண்ணெல்லாம் உள்நாட்டு எண்ணாக உருமாறும்.

ஜாடைகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். ரஷ்யாவில் வெளியூர் முன்னொட்டு 8. ஹங்கேரியில் 06. வட அமெரிக்காவில் 1; அங்கே நாட்டுக் குறியீடும் 1 என்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுவார்கள். இலக்கம்தான் ஒன்று, வேலை வேறு.

இத்தாலியில் இந்த விதிகளெல்லாம் தலைகீழ். ரோமின் எண் +39 06 என்றுதான் தொடங்கும். அந்த 0 ஜாடை அல்ல, எண்ணின் சொந்த இலக்கம். வெளிநாட்டிலிருந்து அழைத்தாலும் அதை விடக் கூடாது. "நாட்டுக் குறியீட்டுக்குப் பிறகு வரும் 0-வை எடு" என்று உலகம் முழுமைக்கும் ஒரு விதி எழுதியவர்கள் இத்தாலியில்தான் கையைச் சுட்டுக்கொள்வார்கள். ஆனால் விசிட்டிங் கார்டுகளில் +44 (0)20 என்று அச்சடிக்கும் பழக்கமும் இருக்கிறதே, அந்த 0-வைச் சேர்த்து டயல் செய்பவர்களுக்காக 44-க்கு மட்டும் அப்படி ஒரு விதி எழுதலாம். நாடு வாரியாக எழுதுங்கள், மொத்தமாக வேண்டாம்.

அழைக்கப்படும் எண்ணை மட்டும் திருத்திவிட்டு அழைப்பவர் எண்ணை மறப்பதும் வழக்கம். எதிர்முனையில் மிஸ்டு கால் பார்த்துத் திரும்பக் கூப்பிடுபவருக்கு அந்த எண் வேலை செய்ய வேண்டுமென்றால், அதுவும் முழு வடிவில் போக வேண்டும்.

7. எண் ஆபரேட்டர் மாறியிருக்கிறதா என்று கேளுங்கள்

ஒரு தொகுதி எந்த ஆபரேட்டருக்கு ஒதுக்கப்பட்டது என்று பட்டியல் சொல்லும். அந்த வாடிக்கையாளர் இப்போது யாரிடம் இருக்கிறார் என்பது வேறு கேள்வி. எண்ணை மாற்றாமல் ஆபரேட்டரை மாற்றும் வசதி உள்ள நாடுகளில் அதற்கென்று ஒரு பொதுத் தரவுதளம் இருக்கும். இந்தியாவில் 2015 ஜூலை 3 முதல் மொபைல் எண்ணை நாடு முழுக்க எந்தத் தொலைத்தொடர்பு வட்டத்துக்கும் கொண்டுபோகலாம் என்று ஆனது. முதல் நான்கு இலக்கத்தை வைத்து ஆபரேட்டரையும் வட்டத்தையும் சொல்லும் வித்தை இப்போது செல்லாது.

தரவுதளம் பதிலாகத் தருவது ரூட்டிங்குக்கான இன்னோர் எண். அமெரிக்க முறையில், அழைக்கப்பட்ட எண் இருக்க வேண்டிய இடத்தில் இந்த ரூட்டிங் எண்ணை வைப்பார்கள். அசல் எண் தனிப் பெட்டியில் கூடவே போகும். "கேட்டாயிற்று" என்று ஒரு கொடியும் ஏற்றிவிடுவார்கள். கொடி இல்லையென்றால் வழியில் இருக்கும் ஒவ்வோர் எக்ஸ்சேஞ்சும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும்.

இந்தக் கேள்வியை அடுத்த படிக்கு முன்பாகவே கேட்க வேண்டும். ரூட் தேர்ந்த பிறகு கேட்டால் பதில் வந்தும் பயனில்லை.

மொபைலில் இன்னும் ஒரு கட்டம் உண்டு. எண் எந்த நெட்வொர்க்கைச் சேர்ந்தது என்று தெரிந்தாலும் போன் எங்கே இருக்கிறது என்று தெரியாது. சொந்த நெட்வொர்க்கின் பதிவேடு, போன் தற்போது ஒண்டியிருக்கும் எக்ஸ்சேஞ்சிடம் ஒரு தற்காலிக எண் வாங்கித் தரும். அழைப்பு அதற்குத்தான் போகும். அதை ஆபரேட்டர் பார்த்துக்கொள்வார், உங்கள் டேபிளில் எழுத வேண்டாம்.

8. முன்னொட்டு டேபிளை எழுதுங்கள்

இப்போதுதான் ரூட். இங்கே முன்னொட்டு என்பது ஜாடை அல்ல, முழு எண்ணின் தொடக்க இலக்கங்கள். எண்ணின் தொடக்கத்தோடு பொருந்தும் வரிகளில் எது மிக நீளமோ அது வெல்லும் என்பது பொதுவான விதி. +44 என்று ஒரு வரியும் +44 7781 என்று இன்னொரு வரியும் இருந்தால், கெர்ன்சி தீவின் மொபைல் எண்ணுக்கு இரண்டாவது வரி. இதனால் பொது வரி ஒன்று, விலக்குகள் சில என்று சுருக்கமாக எழுத முடிகிறது.

சில மென்பொருள்கள் நீளத்தைப் பார்க்காது; மேலிருந்து கீழே வந்து முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். உங்களுடையது எந்த ரகம் என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். அந்த ரகத்தில் +44-ஐ மேலே வைத்தால் கீழே உள்ள விலக்கு வரி வெறும் அலங்காரம்.

நானே ஒரு முறை +1 என்று ஒற்றை வரி எழுதி, அமெரிக்காவும் கனடாவும் முடிந்தது என்று எழுந்துவிட்டேன். 1-க்குள் கரீபியன் தீவுகளும் இருக்கின்றன. +1 876 ஜமைக்கா. மாதக் கடைசியில் பில்லைப் பார்த்த பிறகுதான் ஏரியா கோட் பட்டியலை உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். +7-ம் அப்படித்தான், ரஷ்யாவோடு கஜகஸ்தானும் அதில் இருக்கிறது. செயற்கைக்கோள் போன்களின் 870, 881, சர்வதேச நெட்வொர்க்குகளின் 882, 883 ஆகியவற்றைத் தேவைப்படும் வரை மூடியே வையுங்கள். திருட்டு அழைப்புகள் தேடி வருவது இப்படிப்பட்ட விலை கூடிய இலக்குகளைத்தான்.

9. சிக்னலில் எண்ணின் வகையைச் சரியாகக் குறியுங்கள்

பேச்சு போகும் பாதையும் சிக்னல் போகும் பாதையும் வேறு வேறு. எக்ஸ்சேஞ்சுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் எஸ்.எஸ்.7 என்ற சிக்னல் முறையில் முதலில் கிளம்புவது ஐ.ஏ.எம். என்ற செய்தி, அழைக்கப்படும் எண் அதில்தான் இருக்கும். எதிர்முனை எண்ணைப் பெற்றுக்கொண்டதும் ஏ.சி.எம்., எடுத்ததும் ஏ.என்.எம்., வைத்ததும் ஆர்.இ.எல். வரும். பழைய டிரங்க் எதையாவது தொட நேர்ந்தால் லாகில் (பதிவுக் கோப்பில்) இந்த நான்கையும் தேடினால் போதும்.

ஐ.ஏ.எம்.மில் இலக்கங்களோடு ஒரு சிறு குறிப்பும் போகும்: இது சர்வதேச எண்ணா, உள்நாட்டு எண்ணா? வேல்ஸில் உள்ள கார்டிஃபின் ஒரு எண்ணை எடுத்துக்கொள்வோம். 44 29 2018 0123 என்ற இலக்கங்கள் ஒன்றுவிடாமல் சரி. ஆனால் குறிப்பில் உள்நாடு என்று இருந்து, இது ஓர் அமெரிக்க எக்ஸ்சேஞ்சுக்குப் போகிறது. அது 442-ஐ ஏரியா கோடாகப் படிக்கும், 920-ஐ எக்ஸ்சேஞ்ச் கோடாகப் படிக்கும். 442 கலிபோர்னியாவில் உள்ள நிஜக் கோட். 10 இலக்கத்தோடு நிறுத்திக்கொள்ளும் எக்ஸ்சேஞ்சாக இருந்தால் வேல்ஸுக்குக் கிளம்பிய அழைப்பு கலிபோர்னியாவில் யாரையோ எழுப்பும்.

இலக்கத்தை மட்டும் பார்த்து "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்று மண்டையைப் பிய்த்துக்கொள்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்தக் குறிப்பைத்தான். ஐ.பி. டிரங்குகளில் இந்த வேலையை முன்னால் உள்ள + செய்கிறது. அதனால்தான் அது இருக்கிறதா இல்லையா என்று முதல் படியிலேயே எழுத்தில் வாங்கச் சொன்னேன்.

10. வழி அடைத்தால் என்ன செய்வது என்று எழுதுங்கள்

ஒவ்வொரு முன்னொட்டுக்கும் இரண்டாவது வழி ஒன்று வேண்டும். ஆனால் எப்போது அதற்குத் தாவுவது என்பதைத் திரும்பி வரும் காரண எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 17 என்றால் எதிர்முனை பிஸி. இன்னொரு வழியில் போனாலும் அதே பிஸிதான். 1 என்றால் அப்படி ஓர் எண்ணே ஒதுக்கப்படவில்லை. 28 என்றால் எண்ணின் வடிவமே தவறு; ஆறாவது படிக்குத் திரும்புங்கள். 34 என்றால் டிரங்கில் இடமில்லை, 38 என்றால் நெட்வொர்க் கோளாறு. இந்த இரண்டுக்கும் தாராளமாக அடுத்த வழிக்குப் போகலாம். ஐ.பி. டிரங்கில் பிஸிக்கு 486 வரும், சேவை இல்லையென்றால் 503 வரும்.

எது வந்தாலும் அடுத்த வழி என்று எழுதுவது சோம்பேறித்தனம். பிஸியாக இருக்கும் ஒருவரை மூன்று டிரங்கில் மூன்று முறை தட்டிவிட்டு, கடைசியில் அதே பிஸி டோனைத் தாமதமாகக் கொடுப்பீர்கள்.

எந்த டிரங்கில் வந்ததோ அதே டிரங்கில் அழைப்பைத் திருப்பி அனுப்பாதீர்கள். நீங்கள் அடுத்தவரிடம் தள்ள, அவர் உங்களிடம் தள்ள, ஒரே அழைப்பு இரண்டு பக்க டிரங்குகளையும் நிரப்பிவிடும். ஐ.பி. அழைப்பில் இதற்காக ஒரு எண்ணிக்கை போகும். வழக்கமாக 70-ல் தொடங்கி ஒவ்வொரு தாவலுக்கும் ஒன்று குறையும், பூஜ்யமானால் அழைப்பு விழும். அது கடைசிக் காப்பு. அதை நம்பி டேபிள் எழுதக் கூடாது.

34 அடிக்கடி வந்தால் கோளாறு ரூட்டிங்கில் இல்லை, டிரங்க் போதவில்லை. உச்ச நேரத்தில் மணிக்கு 200 அழைப்பு, சராசரி 3 நிமிடம் என்றால் 600 நிமிடப் பேச்சு, அதாவது 10 எர்லாங் (ஒரு லைன் மணி முழுக்க நிரம்பியிருந்தால் 1 எர்லாங்). நூற்றில் ஒன்றுக்கு மேல் அடைபடக் கூடாது என்றால் இதற்கு 18 டிரங்க் வேண்டும். பத்துக்குப் பத்து என்று கணக்குப் போட்டு வாங்குபவர்கள் உண்டு. அழைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்று வருவதில்லை.

11. சோதித்துவிட்டுத் திறந்துவிடுங்கள்

ஒவ்வொரு வரிக்கும் குறைந்தது மூன்று சோதனை: போக வேண்டிய எண், ஓர் இலக்கம் குறைந்த எண், தடுக்கப்பட வேண்டிய எண். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ரிங் கேட்டவுடன் வைத்துவிடாதீர்கள். யார் எடுக்கிறார், அவர் திரையில் என்ன எண் தெரிகிறது, அதைத் திரும்ப அழைத்தால் வருகிறதா என்றும் பாருங்கள்.

அவசர எண்ணை மட்டும் இஷ்டத்துக்கு அழைத்துப் பார்க்காதீர்கள். ஆபரேட்டர் மூலம் முன்கூட்டி நேரம் வாங்கிச் செய்யுங்கள்.

திட்டம் மாறும் காலத்தில் பழைய முறை, புதிய முறை இரண்டுமே சில மாதம் செல்லுபடியாகும். மெக்சிகோ 2019 ஆகஸ்ட் 3-ல் 01, 044, 045 என்ற முன்னொட்டுகளையும், வெளிநாட்டிலிருந்து மொபைலை அழைக்கும்போது 52-க்குப் பின்னால் போட்டுவந்த 1-ஐயும் கைவிட்டது. இப்படி வரும்போது இரண்டுக்கும் வரி எழுதுங்கள். பழைய வரியின் பக்கத்தில் அதை எடுக்க வேண்டிய தேதியைத் தாளிலும் டேபிளிலும் குறித்துவிடுங்கள். தேதி இல்லாத தற்காலிக வரியை, உங்களுக்குப் பின்னால் வருபவர் தொடப் பயந்து அப்படியே விட்டுவிடுவார்.